ஸ்கூர் நன் கில்லியன்: ஏறும் வழிகளும் இறங்கும் வழியும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஸ்கை தீவில், ஸ்லிகாகன் என்னும் சாலைச் சந்திப்பில் நின்று தெற்கே பார்த்தால், சதுப்பு நிலத்துக்கு அப்பால் கருமையான கூர்ங்கோபுரம் போல ஒரு மலை எழுந்து நிற்கும். அதுதான் ஸ்கூர் நன் கில்லியன். கேலிக் மொழியில் அதற்கு ‘இளைஞர்களின் சிகரம்’ என்று பொருள் சொல்வார்கள். அதன் உயரம் 964 மீட்டர். எண்ணைக் கேட்டதும் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஸ்லிகாகன் கடற்கழியின் தலைமாட்டில் இருக்கிறது. ஆகவே ஏறத்தாழ அந்த உயரம் முழுவதையும் காலால்தான் ஏறியாக வேண்டும், அதில் கடைசிப் பகுதியைக் கையாலும் ஏற வேண்டும். உச்சிக்குச் செல்லும் வழிகளில் ஒன்றுகூட வெறும் நடைவழி கிடையாது. பிடித்து ஏறச் சங்கிலியோ, வெட்டிய படியோ, வழிகாட்டும் அம்புக்குறியோ எங்கும் இல்லை.

இந்த மலைக்கு மூன்று வழிகள் பெயர் பெற்றவை: தென்கிழக்கு முகடு, மேற்கு முகடு, வடக்கே நீளும் கொடுமுடி முகடு. எதில் ஏறலாம் என்றுதான் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எதில் இறங்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள் என்பதே என் பதில். மூன்று வழியாக ஏறியவர்களும் பெரும்பாலும் தென்கிழக்கு முகட்டில்தான் இறங்குகிறார்கள். எனவே அந்த முகட்டைக் கயிறில்லாமல் இறங்க முடியும் என்ற உறுதி இல்லாதவர், மற்ற இரண்டைப் பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் அந்த ஒரு வழிக்கு அதிக இடம் கொடுத்திருப்பதற்கும் அதுவே காரணம். இங்கே சொல்வது அனைத்தும் பனி இல்லாத மாதங்களுக்கானது. குளிர்காலத்தில் பனிக்கோடரியும், காலணியில் மாட்டும் இரும்பு முட்களான கிராம்பானும் கொண்டு ஏறுவது தனிக் கலை.

மலையின் பாறை

ஸ்கூர் நன் கில்லியன் கருங்கூலின் எனப்படும் மலைத்தொடரின் வடமுனையில் இருக்கிறது. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த எரிமலையின் அடிவயிற்றில் மெல்ல ஆறி இறுகிய காப்ரோ என்னும் பாறையால் ஆனது இத்தொடர். பின்னர் வந்த பனியாறுகள் அதைக் குடைந்து, கிண்ணம் போன்ற பள்ளங்களையும் அவற்றுக்கு இடையே கத்தி முனை போன்ற முகடுகளையும் விட்டுச் சென்றன. காப்ரோ சொரசொரப்பான பாறை. புதிதாகக் கொத்திய அம்மியின் மீது உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள், அதேதான். காலணி அதில் பல்லி போல ஒட்டிக்கொள்ளும், மழையில்கூட ஓரளவு பிடி கொடுக்கும். அதற்கு விலையாக விரல் நுனித் தோலை எடுத்துக்கொள்ளும். முதல் நாள் மாலையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபோதுதான் என் விரல் நுனிகள் எல்லாம் தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தது எனக்குத் தெரிந்தது.

இந்த நல்ல பாறைக்குள் ஒரு துரோகியும் இருக்கிறது. காப்ரோவில் விழுந்த விரிசல்களில் பிற்காலத்தில் எரிமலைக் குழம்பு ஏறி, பசால்ட் பாறையாக உறைந்து, சுவர் சுவராக நிற்கிறது. பசால்ட் வழவழப்பானது, அடுக்கடுக்காக உடையக்கூடியது, நனைந்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். காப்ரோவைவிட அது விரைவாக அரிபடுவதால், முகட்டில் காணும் வெட்டுகளும் ஓடைப் பிளவுகளும் பல இடங்களில் பசால்ட் இருந்த தடங்களே. ஏறும்போது பாதை வசதியான படிக்கட்டு போல மாறுகிற இடத்தில் ஒரு கணம் நின்று நிறத்தைக் கவனியுங்கள். மங்கலான பழுப்பும் சொரசொரப்புமாக இருந்தால் தொடரலாம். கருத்து, மழுங்கி, செங்கல் அடுக்கியது போலத் தெரிந்தால் ஒவ்வொரு கல்லையும் சோதித்த பிறகே அதில் எடையைப் போட வேண்டும்.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. இந்தப் பாறைகளில் காந்தத் தன்மை உண்டு. அதனால் திசைகாட்டி முள் முகட்டில் பல இடங்களில் தவறான திசையைக் காட்டும். மூட்டத்தில் அதை மட்டும் நம்பி இறங்கியவர்கள் தவறான பள்ளத்தில் போய் நின்றிருக்கிறார்கள். கைப்பேசியிலோ தனிக் கருவியிலோ ஜிபிஎஸ் வைத்திருங்கள். அதோடு ஹார்வி நிறுவனம் வெளியிடும் 1:25,000 அளவிலான கூலின் வரைபடத்தையோ, ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் 411-ஐயோ தாளாகவும் எடுத்துச் செல்லுங்கள். மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணியாது.

நாள் பார்த்தல்

மே மாதமும் ஜூன் முற்பகுதியும் இத்தீவில் பொதுவாக மழை குறைந்த காலம். ஜூனில் இரவு 10 மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். வேகம் குறைந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதே ஜூன் முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்னும் பொடிக்கொசுக்களின் ஆட்சி. காற்று நின்றால் போதும், அவை மேகம் போல முகத்தில் மொய்க்கும். தலையை மூடும் வலையை ஒரு பைசா பெறாத பொருள் என்று நினைத்து விட்டு வந்தவர்கள், கூடாரத்தின் வாசலிலேயே வருந்துவார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையிலும், புறப்படும் காலையிலும் மலை வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஊருக்கான அறிக்கை பயன்படாது; எம்டபிள்யூஐஎஸ் என்ற மலை வானிலைச் சேவை, முகட்டு உயரத்தில் காற்றின் வேகம் என்ன, மூட்டம் எந்த உயரம் வரை இறங்கும் என்பதைத் தனித்தனியே சொல்கிறது. மழையைவிடக் காற்றுக்கே நான் அஞ்சுவேன். இந்த மலையின் மேற்பகுதியில் நீங்கள் நிற்கும் முகடு சில இடங்களில் ஒரு மேசையின் அகலம்கூட இருக்காது. அங்கே காற்று விட்டு விட்டு அடித்தால், ஒவ்வோர் அடியையும் அடுத்த வீச்சுக்கு முன் முடித்தாக வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வீசும் என்று அறிக்கை சொன்னால், அன்றைய நாளைக் கடற்கரை நடைக்கு ஒதுக்குவது என் வழக்கம்.

அனுமதிச் சீட்டும் நுழைவுக் கட்டணமும் இல்லை. 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவருக்கும் இம்மலைகளில் நடமாடும் உரிமையைத் தந்திருக்கிறது. உங்களைத் தடுக்க யாரும் வாசலில் நிற்கவில்லை என்பதால், தகுதிச் சோதனையை நீங்களே உங்களுக்கு நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடினத்தை எப்படி அளக்கிறார்கள்

நடைக்கும் பாறையேற்றத்துக்கும் இடைப்பட்டதை ஆங்கிலத்தில் ஸ்கிராம்பிளிங் என்கிறார்கள். கையையும் ஊன்றித் தொற்றி ஏறுதல். பிரிட்டனில் அதை 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். 1-இல் கை அவ்வப்போது துணை செய்யும். 2-இல் கை இல்லாமல் முடியாது, திரும்பி வருவதும் எளிதாக இராது. 3-இல் கயிறு பையில் இருப்பது நல்லது, சிலருக்கு அது கட்டாயம். அதற்கு மேலே பாறையேற்றத் தரங்கள் ‘மாடரேட்’, ‘டிஃபிகல்ட்’ என்று தொடங்குகின்றன. ‘டிஃபிகல்ட்’ என்றால் கடினம் என்று பொருள். ஆனால் அந்தப் பட்டியலில் அது அடிமட்டத்தை ஒட்டிய தரம். பெயர் வைத்த முன்னோர்கள் பின்னால் வரப்போகிறவர்கள் எதையெல்லாம் ஏறுவார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ‘டிஃபிகல்ட்’ என்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பாறையேறுகிற நண்பர் ‘அது வெறும் டிஃபிகல்ட்தான்’ என்று சொல்வதைக் கேட்டுக் கிளம்பவும் வேண்டாம்.

தென்கிழக்கு முகட்டின் பெரும்பகுதி நடையும் 1-ஆம் தரமும். உச்சியை ஒட்டிய பகுதி 2, சில அடிகள் 3-ஐத் தொடும். மேற்கு முகடு 3. அதன் அடியில் உள்ள பிளவு பாறையேற்றத் தரத்தைச் சேர்ந்தது. கொடுமுடி முகடு 3-க்கும் ‘டிஃபிகல்ட்’டுக்கும் இடைப்பட்டது, அதில் கயிற்றில் இறங்கவும் வேண்டியிருக்கும்.

தென்கிழக்கு முகடு

இதற்குப் பழைய பெயர் ‘டூரிஸ்ட் ரூட்’. இந்த மலையில் நடந்த ஏமாற்றங்களுக்கெல்லாம் இந்தப் பெயரே முதல் குற்றவாளி என்பேன். பதிவான முதல் ஏற்றம் இவ்வழியாகத்தான் நிகழ்ந்தது. 1836-இல் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் என்னும் எடின்பரோ இயற்பியல் பேராசிரியர் இங்கே வந்தபோது, உச்சியை எட்ட முடியாது என்றே பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் வனக்காவலரான டங்கன் மெக்கின்டயர் தனியாகவும் பிறரை அழைத்துக்கொண்டும் பலமுறை முயன்று தோற்றவர். அதுவரை முயலாத ஒரு பக்கம் மிச்சமிருக்கிறது, அது கைகூடலாம் என்று அவர் ஃபோர்ப்ஸிடம் சொன்னார். இருவரும் ஏறினார்கள். தோற்ற வழிகளை எல்லாம் கால் வழியாக அறிந்திருந்தவர் கண்ட வழி இது.

ஸ்லிகாகன் போர்ட்ரீ நகருக்கும், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் இருக்கிறது, பேருந்துகளும் நிற்கும். அங்குள்ள விடுதியிலிருந்து டன்வெகன் செல்லும் சாலையைக் கடந்து, சதுப்பின் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பாதையைப் பிடியுங்கள். முதலில் ஆல்ட் ஜெரக் மோர் ஓடையைச் சிறு பாலத்தில் கடப்பீர்கள். கேலிக்கில் ‘ஆல்ட்’ ஓடை, ‘ஜெரக்’ சிவப்பு, ‘மோர்’ பெரிது, ‘பெக்’ சிறிது. ‘பெலாக்’ என்றால் கணவாய். இந்த ஐந்து சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டால் வரைபடம் பாதி பேச ஆரம்பித்துவிடும். அடுத்து வருவது ஆல்ட் ஜெரக் பெக். அதன் கரையில் பாதை பிரிகிறது. நேராக ஓடையின் கரையோடு மேலே செல்வது மேற்கு முகட்டுக்கும் கொடுமுடி முகட்டுக்கும் உரியது. நமக்கு வேண்டியது பாலத்தைக் கடந்து, இடப்பக்கமாகத் தெற்கே நீளும் பாதை.

அது மேட்டில் ஏறி, கோரா ரீயக் என்னும் கிண்ணப் பள்ளத்துக்குள் நுழைகிறது. கீழே இடப்புறம் சிறு ஏரி தெரியும். பாதை அதற்குள் இறங்காமல் மேலேயே ஒட்டிச் செல்லும். இதற்குப் பிறகு புல் குறைந்து கல் பெருகும். செங்குத்தான சரளைச் சரிவும், பிறகு வண்டி அளவு பாறாங்கற்கள் இறைந்து கிடக்கும் மேல்பள்ளமும் வரும். கற்குவியல் அடையாளங்கள் இங்கே உண்டு. ஆனால் அவை ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளாக இருப்பதால், ‘அடையாளம் இருக்கிறது, ஆகவே வழி’ என்று கொள்ளாதீர்கள். சரளையில் முன்னே செல்பவர் உருட்டும் கல் பின்னே வருபவர் தலைக்கு வரும். ஹெல்மெட்டை இங்கேயே அணிந்துகொள்ள வேண்டும். உச்சிப் பாறைக்காகப் பையில் காத்து வைப்பது பொருளற்றது. இரண்டு மூன்று பேர் என்றால் ஒருவர்பின் ஒருவராக நெருங்கி ஏறுங்கள். உருளும் கல் வேகம் எடுக்கும் முன்பே அடுத்தவர் கையில் சிக்கிவிடும்.

பள்ளத்தின் தலைப்பில் பாதை தென்கிழக்கு முகட்டைத் தொடுகிறது. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீர் குடிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. திரும்பி, வந்த பாதை முகட்டில் எங்கே சேர்கிறது என்பதைப் பார்த்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கி வரும்போது மூட்டம் சூழ்ந்தால், இந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு முகட்டோடு நேரே போய், ஸ்கூர் பெக் என்னும் அடுத்த சிறு சிகரத்தின் மீது ஏறத் தொடங்குவது இம்மலையில் வழக்கமாக நிகழும் பிழை. இறங்கும்போது மீண்டும் மேலே ஏறுகிறோம் என்று கால் சொன்னால், உடனே நின்றுவிட வேண்டும்.

இங்கிருந்து வடமேற்கே உச்சி வரை முகடுதான் வழி. தொடக்கம் அகலமானது, பாறைத் திட்டுகளுக்கு இடையே நடந்தே செல்லலாம். மேலே செல்லச் செல்ல முகடு ஒடுங்கும், இரு பக்கமும் சரியும். இடையே நேராக ஏற முடியாத சிறு சுவர்கள் எதிர்ப்பட்டால், பெரும்பாலும் இடப்பக்கம், அதாவது லோட்டா கோரி பள்ளத்தின் பக்கம், சுற்றிச் செல்ல வழி இருக்கும். ஆனால் சுற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. சுற்றுப்பாதை வசதியாக இருக்கிறதே என்று அதிலேயே தொடர்ந்தால் முகட்டை விட்டுக் கீழே விலகி, சரளையும் ஆட்டம் கொடுக்கும் கற்களும் நிறைந்த சரிவில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு தடையைச் சுற்றியதும் முகட்டுக்கே திரும்புங்கள். முகட்டின் மேல் பாறை கெட்டியாக இருக்கும், பிடிகள் பெரியவையாக இருக்கும், முன்னே சென்றவர்களின் காலணி தேய்த்த வெளிர்த் தடமும் தெரியும்.

உச்சிக்குக் கீழே ஏறத்தாழ 30 மீட்டர்தான் இவ்வழியின் உண்மையான சோதனை. முகடு மெலிந்து, இரு கைகளாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால்களைச் சற்றுக் கீழே உள்ள திட்டுகளில் மாற்றி மாற்றி வைத்து நகர வேண்டும். தொழில்நுட்பமாகப் பெரிய கடினம் இல்லை. இதே பாறை ஒரு பூங்காவில் மூன்றடி உயரத்தில் இருந்தால் பள்ளிப் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். ஆனால் இங்கே கைக்கும் காலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பல நூறு அடி ஆழம் தெரிகிறது. கால் நடுங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

என் முதல் முயற்சி அந்த இடத்தில்தான் முடிந்தது. காற்று விட்டு விட்டு அடித்தது. உச்சியின் கற்குவியல் கண்ணுக்குத் தெரிந்தது. பேசினால் கேட்கும் தூரம். முன்னால் இருந்த பாறையில் இரண்டு பிடிகளைப் பிடித்து ஏறி, அடுத்ததற்குக் கையை நீட்டிய பிறகு, இதை இறங்கி வர முடியுமா என்று என்னையே கேட்டேன். பதில் வரவில்லை. அங்கேயே இரண்டு பிடிகளையும் திரும்ப இறங்கிப் பார்த்தேன்; இரண்டாவதற்குக் கால் வைக்கும் இடத்தைத் தேட அரை நிமிடம் ஆயிற்று. அன்று திரும்பிவிட்டேன். மறு ஆண்டு, காற்றில்லாத மே மாதக் காலையில், அதே இடத்தை எப்போது கடந்தேன் என்று தெரியாமலேயே கடந்தேன். அன்று முதல் எனக்கு இது ஒரு சோதனை முறையாக ஆகிவிட்டது: சந்தேகம் எழும் எந்த அடியிலும், மேலே தொடரும் முன் அந்த ஓர் அடியை ஒருமுறை இறங்கிப் பார்ப்பேன். இறங்க வந்தால் ஏறுவேன்.

கையும் காலும்

பாறையில் புதியவர்கள் கையால் உடம்பை இழுத்து ஏறப் பார்க்கிறார்கள். அரை மணி நேரத்தில் கை சோர்ந்துவிடும். காலால் தள்ளி எழும்புங்கள், கை சமநிலைக்கு. முழங்காலை ஊன்றாதீர்கள், ஊன்றிய முழங்காலிலிருந்து எழுவதற்கு அடுத்த பிடி கிடைக்காது. இரு கை, இரு கால் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க, ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டும் என்பது பழைய பாடம். அது இன்றும் சரிதான்.

ஒரு பிடியில் எடையைப் போடும் முன் அதை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டுங்கள். சந்தையில் மண்பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதைப் போலத்தான். மலையோடு ஒட்டிய பாறை ‘திக்’கென்று இறுகிய ஒலி தரும், கழன்று நிற்கும் கல் ‘டொக்’கென்று உள்ளீடற்ற ஒலி தரும், சில நேரம் கைக்கு அதிர்வும் தெரியும். அப்படிப்பட்ட கல்லை வெளிப்பக்கமாக இழுக்காமல், கீழ்நோக்கி மட்டும் அழுத்தினால் சில வேளை அது தாங்கும். வேறு பிடி இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

இறங்கும்போது எளிய இடங்களில் வெளிப்பக்கம் பார்த்து இறங்கலாம். செங்குத்தான இடத்தில் ஏணியிலிருந்து இறங்குவது போலப் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். இதில் கூச்சம் வேண்டாம். வெட்கப்பட்டு வெளிமுகமாக இறங்கி, முதுகுப்பை பாறையில் இடித்து முன்னே தள்ளப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பையைச் சிறிதாகக் கட்டுங்கள். பக்கவாட்டில் எதையும் தொங்கவிடாதீர்கள். காலணி, அடிப்பாகம் விறைப்பாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். மென்மையான ஓட்டக் காலணி சிறு திட்டுகளில் மடங்கிவிடும்.

மேற்கு முகடு

இவ்வழிக்கு ஆல்ட் ஜெரக் பெக் ஓடையை ஒட்டிச் சென்று, அதன் குறுகிய மலையிடுக்கைத் தவிர்த்து மேலே ஏறி, கோரா வஸ்டெர் பள்ளத்தை அடைய வேண்டும். அதன் தலைப்பில் ஸ்கூர் நன் கில்லியனுக்கும் அம் பஸ்டெர் சிகரத்துக்கும் நடுவே கணவாய் இருக்கிறது. கணவாயிலிருந்து முகட்டோடு நேரே ஏறுவதற்கு ஒரு காலத்தில் ‘ஜென்டார்ம்’ எனப்பட்ட தனிக் கற்றூண் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதைக் கட்டிப் பிடித்துச் சுற்றிக் கடப்பதே இம்முகட்டின் புகழ்பெற்ற காட்சி. 1980-களில் அது இடிந்து விழுந்துவிட்டது. பழைய வழிநூல்களையும் பழைய படங்களையும் நம்பிப் போகிறவர்கள் இல்லாத தூணைத் தேடுவார்கள்.

இப்போது பெரும்பாலானோர் முகட்டின் வடபுறத்தில் உள்ள நிக்கல்சன் சிம்னி என்னும் செங்குத்துப் பிளவு வழியாக முகட்டை அடைகிறார்கள். அலெக்சாண்டர் நிக்கல்சன் 1865-இல் உச்சியிலிருந்து மேற்கு முகட்டில் இறங்கி இப்பிளவு வழியாகக் கீழே வந்தார்; தொடரின் மிக உயர்ந்த சிகரமான 992 மீட்டர் ஸ்கூர் அலஸ்டர் அவர் பெயரைத்தான் தாங்குகிறது. அவர் சாதாரணக் காலணியில் இறங்கியதைச் சொல்லி உங்களை ஊக்குவிக்க நான் முயலமாட்டேன். பிளவு ஈரமாகவே இருக்கும் இடம். பாறையேற்றப் பழக்கம் இல்லாதவர் அதில் கயிறின்றி ஏறக் கூடாது, இறங்குகிறவர்கள் கயிற்றில் இறங்குவதே நடைமுறை.

பிளவுக்கு மேலே முகடு ஒடுங்கியது, ஆனால் பாறை அருமையானது. உச்சிக்குச் சற்று முன் இம்மலையின் இனிய வேடிக்கை ஒன்று காத்திருக்கிறது: பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டான சாளரம் போன்ற ஓட்டை. முகடு அதற்குள் புகுந்துதான் செல்கிறது. பையைக் கழற்றி முன்னே தள்ளிவிட்டுத் தவழ்ந்து மறுபக்கம் வந்தால், உச்சி சில அடிகளில் இருக்கிறது.

கொடுமுடி முகடு

ஸ்லிகாகனிலிருந்து பார்க்கும்போது இம்முகடு நேரே நம்மை நோக்கி நீண்டிருப்பதால், அதன் கொடுமுடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே கோபுரம் போலத் தெரிகின்றன. பக்கவாட்டில் இருந்து பார்த்தால்தான் ஐந்து கொடுமுடிகள் படிப்படியாக உயர்ந்து, ஐந்தாவது உச்சியாக முடிவது புலப்படும். சார்ல்ஸ் பில்கிங்டன், லாரன்ஸ் பில்கிங்டன் என்னும் சகோதரர்கள் 1880-இல் இதை முதன்முதலில் ஏறினார்கள்.

முதல் இரண்டு கொடுமுடிகளும் பெரிய சோதனை வைக்காதவை. மூன்றாவதன் உச்சியில்தான் கேள்வி எழுகிறது. அதன் மறுபக்கம் செங்குத்தாக வெட்டுக்குள் இறங்குகிறது. தேர்ந்தவர்கள் சிலர் அதைக் கையாலேயே இறங்குவார்கள். மற்றவர்கள் கயிற்றில் இறங்குகிறார்கள், அதையே பரிந்துரைக்கிறேன். முன்பு வந்தவர்கள் விட்டுச்சென்ற ஸ்லிங் எனப்படும் நாடா வளையங்கள் பாறையைச் சுற்றிக் கிடக்கும். அவை வெயிலிலும் மழையிலும் எத்தனை காலம் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியாது. வெளுத்து, தொட்டால் அட்டை போல விறைப்பாக இருப்பவற்றில் உயிரைத் தொங்கவிடாமல், சொந்தமாக ஒரு ஸ்லிங் கட்டி விட்டுச் செல்லத் தயாராக இருங்கள். அதன் விலை மதிய உணவின் விலையைத் தாண்டாது.

கயிற்றில் இறங்கிய பிறகு அதை உருவி எடுத்துவிட்டால், வந்த வழியே திரும்புவது மூடிவிட்டது என்று பொருள். ஆகையால் கயிற்றை உருவும் முன் வானத்தைப் பாருங்கள், கடிகாரத்தையும் கூட வந்தவரின் முகத்தையும் பாருங்கள். அடுத்து வருவது ‘நைட்ஸ் பீக்’ எனப்படும் நான்காவது கொடுமுடி. 1873-இல் ஏறிய வில்லியம் நைட் என்பவரின் பெயரால் வழங்குவது. ஏறுவது எளிதாக இருந்தாலும், அதன் உச்சியிலிருந்து அடுத்த வெட்டுக்கு இறங்கும் வழியைக் கண்டுபிடிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். வெட்டைக் கடந்த பின் உச்சி வரை செங்குத்தான, ஆனால் மகிழ்ச்சியான ஏற்றம்.

இவ்வழிக்கு 50 மீட்டர் கயிறு, ஒவ்வொருவருக்கும் ஹார்னெஸ் என்னும் இடுப்புக் கச்சை, ஹெல்மெட், சில ஸ்லிங்குகள், கயிற்றை மாட்டும் உலோக வளையங்களான காரபைனர்கள் வேண்டும். அவற்றைப் பயன்படுத்தப் பழகிய கை அவற்றைவிட முதலில் வேண்டும். உட்புறச் சுவரில் ஏறிப் பழகியது போதாது, ஏனெனில் அங்கே கயிற்றைத் தாங்கும் நங்கூரத்தை வேறொருவர் அமைத்து வைத்திருப்பார். பழக்கமில்லாதவர்கள் சான்று பெற்ற மலை வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாம். இத்தீவில் அது பழைய வழக்கம்: உள்ளூர் வழிகாட்டியான ஜான் மெக்கன்சி, வேதியியல் பேராசிரியர் நார்மன் காலியோடு சேர்ந்து இம்முகடுகளில் பல்லாண்டு ஏறியவர், இருவருக்கும் 2020-இல் ஸ்லிகாகனில் வெண்கலச் சிலை எழுந்தது. மலையைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

நேரக் கணக்கும் இறக்கமும்

தென்கிழக்கு முகட்டில் ஏறி அதிலேயே இறங்கினால் மொத்தம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 7 முதல் 8 மணி நேரம் ஆகும். கொடுமுடி முகட்டில் ஏறினால் கயிற்று வேலைக்காக இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். முன்னால் இன்னொரு குழு இருந்தால் காத்திருப்பும் சேரும். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே தாளில் எழுதுங்கள். பிற்பகல் 2 மணி என்று எழுதியிருந்தால், உச்சி எங்கே இருந்தாலும் 2 மணிக்குத் திரும்ப வேண்டும்.

உச்சியிலிருந்து புறப்படும் முன் எந்த முகட்டில் இறங்குகிறோம் என்று வரைபடத்தையும் ஜிபிஎஸ்ஸையும் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். மூட்டத்தில் மூன்று முகடுகளின் தொடக்கமும் ஒரே மாதிரி தெரியும். இறங்கும்போது இனி வலப்பக்கம்தான் லோட்டா கோரி. சுற்றுவழிகளை அந்தப் பக்கம் தேட வேண்டும். சரளைச் சரிவில் கால் தளரும் நேரத்தில்தான் பெரும்பாலும் கணுக்கால் புரள்கிறது. அங்கே அவசரப்படுவதால் மிச்சமாவது பத்து நிமிடம்.

யாருக்கேனும் அடிபட்டால் 999 அல்லது 112-ஐ அழைத்து, காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்கை தீவின் மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கேட்பதில்லை. பேசுவதற்குச் சமிக்ஞை போதாத இடங்களில் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம். ஆனால் பிரிட்டன் எண்ணிலிருந்து 999-க்குச் செய்தி அனுப்ப முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அதை ஸ்லிகாகனில் சமிக்ஞை இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கைப்பேசி உதவாவிட்டால் விசிலை ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். மூன்று ஊதல்கள் பதிலாக வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். அப்போதும் ஊதுவதை நிறுத்தாதீர்கள், ஒலியை வைத்துத்தான் அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

காலையில் எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று விடுதியிலோ நண்பரிடமோ சொல்லிவிட்டுச் சென்றிருப்பீர்கள். சதுப்பைக் கடந்து சாலைக்கு வந்ததும், காலணியைக் கழற்றுவதற்கும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் முன்னால், அவரை அழைத்து இறங்கிவிட்டோம் என்று சொல்லுங்கள். சொல்ல மறந்த ஒருவருக்காக நள்ளிரவில் மலையேறிய மீட்புக் குழுக்கள் உண்டு.